செவலை வடக்கிருக்கிறதா?

திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், நாயின் பெயரையும் மாற்றிச் செவலை என்றே இங்கு குறிப்பிடுகிறேன்.

அவருடைய மாமனார் ஏழு வாரங்களுக்கு முன் மாரடைப்பில் காலமானார். செவலை அவர் குட்டியிலிருந்து வளர்த்த நாட்டு நாய், பெண், வயது 9, எடை 18 கிலோ. அவர் மோட்டார் கொட்டகைக்குப் போனாலும் டீக்கடைக்குப் போனாலும் சைக்கிளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஓடிவரும். அவர் கிளம்பும்வரை சைக்கிளின் நிழலிலேயே படுத்திருக்கும். அவர் போன பிறகு ஒரு மாதம், கூப்பிட்டாலும் வாலாட்டாமல் மந்தமாகத் திரிந்தது. ஆனாலும் வைத்ததைத் தின்றது. கடந்த 10 நாட்களாகத் தட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. மாமனாரின் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில், அவருடைய பழைய துண்டின் மேல், படுத்தது படுத்தபடியே கிடக்கிறது. "கோப்பெருஞ்சோழனோடு பிசிராந்தையார் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட கதையை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன், இப்போது அதை என் வீட்டுத் தாழ்வாரத்தில் பார்க்கிறேன்" என்று வாசகி எழுதுகிறார். தன் மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லையும் நினைவுபடுத்துகிறார். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து அந்தக் கல்லில், இறந்துபட்ட வீரனுக்குப் பக்கத்தில் கோவிவன் என்னும் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அது எசமானோடு போக நினைக்கிறது, தொந்தரவு செய்யாதே என்கிறார் கணவர். சென்னையிலுள்ள தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோனால் இடம் மாறித் தேறிவிடும் என்கிறார் கொழுந்தனார். கிரிவலப் பாதையில் விட்டுவிட்டால் அன்னதானச் சோறாவது கிடைக்கும் என்பது மாமியாரின் யோசனை. எதைக் கொடுத்தால் சாப்பிடும், மாமனார் கொடுத்துவந்த பழைய சோறும் தயிரும் ஞாயிற்றுக்கிழமை எலும்பும் சரியான உணவுதானா, துக்கத்தில் இருக்கும் உயிருக்கு வலிந்து ஊட்டுவது தவறா, இம்மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

இந்தப் பதில் அச்சாகி வரும்வரை காத்திருக்கும் நிலையில் செவலை இல்லை என்று எனக்குத் தோன்றியதால், உங்கள் கடிதம் கிடைத்த அன்று மாலையே தனியாக ஒரு குறிப்பு அனுப்பினேன்: உணவைப் பற்றிய யோசனையை நிறுத்திவிட்டு, ஸ்கேனும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள கால்நடை மருத்துவமனைக்கு மறுநாள் காலைக்குள் அதைக் கொண்டுசெல்லுங்கள் என்று. எதனால் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதையும், அதற்குப் பின் செய்ய வேண்டியவற்றையும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது எனக்கும் மனம் கனத்தது. இரண்டாம் முறை, நீங்கள் விடைத்தாள் திருத்துவதைப் போல, சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு படித்தேன். போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த மூன்று வரிகளுக்கு அடிக்கோடிட்டேன். ஒன்று: "கட்டிலடியில் வைக்கும் தண்ணீர்ச் சட்டி மட்டும் காலியாகிக்கொண்டே இருக்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல்." இரண்டு: "துக்க வீட்டு வாசலில் ஊர் ஆண் நாய்களெல்லாம் ஒரு வாரம் இரவும் பகலும் கிடந்தன, அவையும் துக்கம் கேட்க வந்தனவோ என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்." மூன்று: "படுத்த இடத்திலும் பின்புறத்தை நக்கிச் சுத்தம் செய்வதை மட்டும் அது விடவில்லை."

ஆண் நாய்கள் துக்கம் கேட்க வரவில்லை, அம்மா. செவலை அப்போது பருவத்தில் இருந்தது. அந்த வாரத்தில் வீட்டில் யாருக்கும் அதைக் கவனிக்கும் மனநிலை இருந்திருக்காது. வயதாகிவிட்டதால் இனிப் பருவம் வராது என்று நினைத்திருந்ததாகவும் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல நாய்களுக்கு நிற்பதில்லை. இடைவெளி கூடலாமே தவிர, கருப்பையும் சினைப்பையும் இருக்கும்வரை பருவம் வந்துகொண்டேதான் இருக்கும்.

துக்கத்துக்கும் ஒரு நடை உண்டு. பிரிவினால் சோறு மறுக்கும் நாய் முதல் சில நாட்களில்தான் மோசமாக இருக்கும். பிறகு வாரம் செல்லச் செல்ல மெதுவாகத் தட்டுக்குத் திரும்பும். செவலையின் கதை தலைகீழாக நடந்திருக்கிறது. எசமான் இறந்த மாதத்தில் தின்ற நாய், ஆறாவது வாரத்தில் நிறுத்தியிருக்கிறது. பருவம் முடிந்து நான்கிலிருந்து எட்டு வாரங்களுக்குள், கருத்தடை செய்யாத, நடுவயது கடந்த பெண் நாய் சோறு மறுத்து, நிறையத் தண்ணீர் குடித்து, பின்புறத்தை ஓயாமல் நக்கினால், எந்தக் கால்நடை மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஒரே நோய்தான்.

கருப்பையில் சீழ்

எங்கள் வழக்கில் அதைப் பயோமெட்ரா என்போம். பருவம் முடிந்ததும், சினைப்பட்டாலும் படாவிட்டாலும், நாயின் உடலில் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் என்னும் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். குட்டியை எதிர்பார்த்துக் கருப்பையின் உட்சுவர் தடித்து ஈரமாகும். கருப்பை வாய் மூடிக்கொள்ளும். ஆண்டுக்கு இரண்டு முறை என்று பல ஆண்டுகள் இது திரும்பத் திரும்ப நடந்து தடித்துப்போன சுவரில், பருவக் காலத்தில் உள்ளே புகுந்த ஈ. கோலை பாக்டீரியா வளர்வதற்கு வசதியான இடம் கிடைத்துவிடுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பருவம் வராமலிருக்க யாரோ ஓர் ஊசி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வகை ஊசிகளில் பெரும்பாலானவை இதே ஹார்மோனின் வார்ப்புகள். அவை இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன.

பாக்டீரியா வெளியிடும் நச்சு, சிறுநீரைச் சுண்டவைக்கும் திறனைச் சிறுநீரகத்திடமிருந்து பறித்துவிடுகிறது. சிறுநீர் நீர்த்துப் போகப் போக, இழந்ததை ஈடுகட்ட நாய் குடித்துக்கொண்டே இருக்கும். 18 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டரை ஒட்டிய தண்ணீர் போதும், 1.8 லிட்டரைத் தாண்டினால், அதாவது கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், உடலில் ஏதோ கோளாறு என்று பொருள். உங்களுக்கு ஆறுதலாகத் தெரிந்த அந்தக் காலிச் சட்டிதான் எனக்குக் கவலையாகத் தெரிந்தது. இப்படிச் சொல்வதால் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். வீடெல்லாம் சிறுநீர் கழிக்கிறது என்று சட்டியை எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் கசியும். ஓயாமல் நக்கும் நாய் அதையும் நக்கித் துடைத்துவிடுவதால் வீட்டாருக்குத் தெரியாமலே போகலாம். மூடியிருந்தால் எதுவும் கசியாது, வயிறு மட்டும் உப்பும். ஆபத்து அதிலேதான் கூடுதல். காய்ச்சல் இருந்தே தீர வேண்டும் என்பதுமில்லை. இந்நோய் அபூர்வமானதும் அல்ல. பெண் நாய்களுக்கு வழக்கமாகக் கருத்தடை செய்யாத நாடாகிய ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளைக்கொண்டு பார்த்தபோது, 10 வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் நாய்க்கு இது வந்திருந்தது.

வயிறு சற்றுப் பெருத்திருப்பதால் செவலை சினையாக இருக்குமோ என்ற எண்ணமும் உங்களுக்கு வரலாம். அதற்கும் இடமுண்டு, நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஸ்கேன்தான். கையால் அழுத்திப் பார்க்கும் முயற்சி மட்டும் வேண்டாம். சீழ் கட்டிய கருப்பை மெல்லிய தோல்பை போன்றது, உடைந்தால் வயிறு முழுவதும் பரவிவிடும்.

ஸ்கேன் நான் நினைப்பதை உறுதிசெய்தால் உங்கள் முன் இருக்கும் வழிகள் மூன்று. முதலாவது, நரம்பு வழியாகத் திரவமும் ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றி உடலைத் தேற்றிக்கொண்டு, கருப்பையையும் சினைப்பைகளையும் அறுத்து எடுத்துவிடுவது. ஒன்பது வயதில் மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து உண்டு. இரத்தத்தில் நச்சு கலந்திருக்கும்போது அது கூடும். எனினும் தக்க நேரத்தில் அறுத்த நாய்களில் பெரும்பாலானவை பிழைக்கின்றன, அதுவும் சில நாட்களிலேயே தட்டைத் தேடி வருமளவுக்கு. இரண்டாவது, அறுக்காமல் ஊசி மருந்துகளால் கருப்பையைத் திறந்து வடியவிடுவது. இனவிருத்திக்குத் தேவைப்படும் இளம் நாய்களுக்கு உரிய வழி இது. அடுத்த பருவத்தில் நோய் திரும்பிவரும் வாய்ப்புள்ளதால் செவலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது, உங்கள் கணவர் சொல்வதுபோல விட்டுவிடுவது. நிம்மதியாக உறங்கிப்போகும் சாவு இதில் கிடைக்காது. இரத்தத்தில் நச்சேறி, வாந்தியெடுத்து, வலியோடு சாகும். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் மீள முடியாதபடி கெட்டுவிட்டது என்று தெரியவந்தால், வலியின்றி உயிர் பிரியச் செய்வதைப் பற்றி மருத்துவரே உங்களிடம் பேசுவார். அந்த முடிவுகூட விட்டுவிடுவதைவிட இரக்கமானது.

எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் முதல் பரிசோதனை நடக்கும். ஆனால் அங்கே ஸ்கேன் இருப்பது அரிது. 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வருமென்றாலும், இந்த அறுவை சிகிச்சை வண்டியில் வைத்துச் செய்யக்கூடியதன்று. மாவட்டத் தலைநகரின் கால்நடை மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ ஸ்கேனும் அறுவை அறையும் இருக்கின்றனவா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். அங்கே முடியாதென்றால் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கொழுந்தனார் உதவ விரும்பினால், அவருடைய அடுக்குமாடி வீட்டைவிட அவருடைய கார்தான் இப்போது பயன்படும்.

நான் எண்ணியது தவறாகவும் இருக்கலாம். ஸ்கேனில் கருப்பை சுத்தமாக இருந்தால், அடுத்து உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்; நம் ஊர் நாய்களில் சோறு மறுப்பதற்கு அதைவிடப் பொதுவான காரணம் குறைவு. காதின் உட்புறத்திலும் விரலிடுக்குகளிலும் பழுப்பு நிற உண்ணிகள் இருக்கின்றனவா, ஈறு வெளுத்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துவைத்தால் மருத்துவருக்கு உதவும். உண்ணிக் காய்ச்சலுக்குக் காரணமான எர்லிக்கியா கிருமி என்று தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாட்கள் கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து ஓடினாலும் 28 நாட்களையும் முடிக்க வேண்டும். அதற்கடுத்துச் சிறுநீரகத்தையும், பிறகு கடைவாய்ப் பற்களையும் பார்க்க வேண்டும்.

உங்கள் விரலில் பட்ட பல்

சோற்று உருண்டையைத் தொண்டைக்குள் தள்ளும்போது பல் பட்டு, விரலில் இரத்தம் கசிந்ததாக ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளாகச் செவலைக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் போடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தவுடன், நாயைவிட உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை வந்தது.

செவலைக்கு வெறிநோய் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்நோயின் அறிகுறி தோன்றிய நாய் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். இதுவோ பத்து நாட்களாக ஒரே நிலையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஊகத்தை நம்பி விட்டுவிடக்கூடிய நோயன்று அது. அறிகுறி வந்த பின் மனிதருக்கு மருந்து கிடையாது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும்கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நான்கு நாட்கள் கடந்துவிட்டன என்பது போகாமலிருப்பதற்குக் காரணமாகாது. தடுப்பூசி அங்கே இலவசம். இரத்தம் கசிந்த காயமென்பதால் உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டுமா என்பதை அங்குள்ள மருத்துவர் முடிவுசெய்வார்.

பிற வாசகர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன். சோறு மறுத்து, தாடை தொங்கி, எச்சில் வடிக்கும் நாயைப் பார்த்தவுடன் "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது" என்று வாய்க்குள் கைவிடுவது நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் தவறு. வெறிநோயில் தொண்டைத் தசை செயலிழக்கும்போதும் நாய் அப்படித்தான் இருக்கும். செவலை தேறி இரண்டு மூன்று வாரங்கள் ஆன பின் அதற்குரிய தடுப்பூசியைப் போட்டு, ஆண்டுதோறும் தொடருங்கள். நோயுற்றிருக்கும் இப்போது வேண்டாம்.

வலிந்து ஊட்டுவது தவறா என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. குமட்டலோடு இருக்கும் நாய்க்கு ஊட்டினால் அது மூச்சுக்குழலுக்குள் போகலாம். போகாவிட்டாலும் அடுத்த முறை தட்டைக் கண்டாலே ஒதுங்கும். இப்போதைக்கு நிறுத்துங்கள். அறுவைக்குமுன் வயிறு காலியாக இருப்பதும் நல்லதுதான்.

அரை மாத்திரை

உடம்பு சுட்டதென்று 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை இரண்டு நாட்கள் கொடுத்திருக்கிறீர்கள். 18 கிலோ நாய்க்கு அந்த அளவு நஞ்சாகாது, அதனால் அஞ்ச வேண்டாம். ஆனாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே திணறும்போது மயக்க மருந்தைத் தேர்ந்தெடுக்க அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதால், நம் கைக்கு அது எப்போதும் சுடவே செய்யும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மட்டும் எந்நாளும் கொடுத்துவிடாதீர்கள். இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும். வீட்டில் பூனை இருந்தால் அதற்குப் பாராசிட்டமாலே எமன்.

பழைய சோறு, தயிர், எலும்பு

மாமனார் தவறாகப் போட்டாரோ என்ற குற்ற உணர்வு உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அவர் போட்ட சோற்றில்தான் செவலை ஒன்பது வயதுவரை சைக்கிளுக்குப் பின்னால் ஓடியிருக்கிறது. நாய்க்குச் சோறே ஆகாது, அது ஓநாயின் வழிவந்த ஊனுண்ணி என்று இப்போது பலர் பேசுகிறார்கள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-இல் நாய், ஓநாய் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணுப் படிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். மனிதனின் அடுப்பங்கரையை ஒட்டி வாழ்ந்ததில் சோற்றுக்கு அதன் வயிறு பழகிவிட்டது. குறை எங்கே என்றால், வெறும் தயிர்ச் சோற்றில் புரதமும் கொழுப்பும் போதாது. கால்சியம், துத்தநாகம் போன்றவை இன்னும் போதாது.

செவலை தேறிய பின், இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், ஒரு நாளைக்கு 850 முதல் 950 கலோரி அதற்குப் போதும். சமைத்து எடுத்த நிலையில் 300 கிராம் சோறு, எலும்பில்லாமல் வேகவைத்த 150 முதல் 200 கிராம் கோழி, ஓர் அவித்த முட்டை, ஒரு கைப்பிடி பூசணியோ கேரட்டோ, ஒரு தேக்கரண்டி எண்ணெய்: இதை இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. ஆகவே நன்கு கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டையோட்டுத் தூளை நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி கலந்துவிடுங்கள். மற்ற நுண்சத்துகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் சத்து மருந்து வேண்டும். அல்லது ஒரு வேளை கடையில் விற்கும் நாய்த் தீவனமாக இருக்கட்டும். கருப்பை எடுத்த நாய்க்கு எடை எளிதில் ஏறும். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. தராசைவிட இந்தத் தடவல் நம்பகமானது.

தயிர் இரண்டு கரண்டி சேர்ப்பதில் பிழையில்லை. பால் பல வளர்ந்த நாய்களுக்கு வயிற்றைக் கலக்கும். மேரி பிஸ்கட் தின்பண்டம்தான், உணவாகாது. வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம்; வெந்ததும் அது சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கிறது. மாமனாரின் ஞாயிற்றுக்கிழமை அன்பில் என்னால் ஏற்க முடியாதது அது ஒன்றுதான்.

அந்த எலும்போடு வரும் குழம்பில் இருக்கும் வெங்காயத்தையும் பூண்டையும் பற்றி ஒரு சொல். இவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. கிலோவுக்கு 15 கிராமை ஒட்டிய அளவில் வெங்காயம் உள்ளே போனால்தான் சோகை வெளிப்படையாகத் தெரியும் என்பதால், ஒரு கரண்டி சாம்பாரால் எதுவும் நேர்ந்துவிடாது. ஆனால் நாள்தோறும் சின்ன வெங்காயக் குழம்புச் சோறு என்றால் அது மெல்ல மெல்லச் சேரும். சர்க்கரைப் பொங்கலை வைப்பதானால் உலர்திராட்சையைப் பொறுக்கிப் போட்டுவிடுவதற்குப் பதில் வைக்காமலே இருப்பது மேல். திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் சில நாட்களிலேயே முடக்குகிறது, எந்த நாய் தாங்கும், எது தாங்காது என்று முன்கூட்டி அறிய வழியில்லை.

சென்னையா, கிரிவலப் பாதையா

மாமியார் மனம் புண்படாதபடி நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். கிரிவலப் பாதையில் ஏற்கெனவே தங்கள் எல்லையை வகுத்துக்கொண்டு வாழும் நாய்கள் இருக்கின்றன; முதிய, நோயுற்ற, ஒரே மனிதரை அறிந்த நாயை அவை அன்னதானப் பந்தலை நெருங்கவிடா. வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி நியாயமான காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றமுமாகும்.

கொழுந்தனாரின் யோசனையில் அன்பு இருக்கிறது. குடியிருப்புச் சங்கம் நாயே கூடாது என்று விதிக்க முடியாதென்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மாநகராட்சியின் உரிமம் பெற வேண்டும், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். இதெல்லாம் முடியக்கூடியதே. ஆனால் எசமானை இழந்த நாயிடமிருந்து கட்டிலையும் தாழ்வாரத்தையும் டீக்கடைத் தெருவையும் சேர்த்துப் பறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவர்கூட இல்லை என்ற நிலை வந்தால் மட்டும், தையல் பிரித்து இரண்டு மாதம் கழித்து யோசிக்கலாம்.

அப்படியானால் செவலைக்குத் துக்கமே இல்லையா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இருக்கிறது. இத்தாலியில் 426 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து 2022-இல் வெளியான ஆய்வில், கூட வாழ்ந்த நாய் இறந்த பின் மற்ற நாய்கள் விளையாட்டைக் குறைத்ததும், கூடுதலாக உறங்கியதும், குறைவாகத் தின்றதும் பதிவாகியிருக்கின்றன. மனிதரைப் பிரிந்த நாய்களிடம் நானும் இதைக் கண்டிருக்கிறேன். ஆனால் துக்கமும் நோயும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில், 1925-இல் இறந்துபோன பேராசிரியருக்காக ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்த ஹச்சிகோ என்னும் நாயை உலகம் அறியும். அது 1935-இல் இறந்தது. பாதுகாத்து வைத்திருந்த அதன் உறுப்புகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், இதயத்திலும் நுரையீரலிலும் புற்றுநோய் இருந்ததை 2011-இல் அறிவித்தார்கள். உங்கள் எடுத்தனூர்க் கோவிவனும் இரு கள்வரைக் கடித்துக் காவல் காத்ததாகத்தான் கல்வெட்டு சொல்கிறது; பட்டினி கிடந்ததாகச் சொல்லவில்லை.

அறுவை முடிந்து தையல் பிரிக்க 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை தையலை நக்காதபடி கழுத்தைச் சுற்றிப் புனல் வடிவப் பட்டை போடுங்கள், படியேறவிடாதீர்கள், சோற்றைக் குழைய வடித்துக் கோழிச் சாறு ஊற்றி, இளஞ்சூடாக, சிறிது சிறிதாக நான்கு வேளை வையுங்கள். அதே தட்டு, அதே இடம், மாமனார் வைத்த அதே நேரம். உடல் தேறிய பின் ஒரு நாள் மாலை உங்கள் கணவரை அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு டீக்கடைவரை மெதுவாக உருட்டிப் போகச் சொல்லுங்கள். கூப்பிட வேண்டாம், திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். முதல் நாள் வாசலோடு நின்றுவிடலாம்.

இன்னொன்று. கட்டிலடியில் கிடக்கும் அந்தத் துண்டை, அழுக்கென்று யாரும் துவைத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அதையும் மடித்துப் பையில் வைத்து எடுத்துச்செல்லுங்கள். மயக்கம் தெளியும் நேரத்தில் கூண்டில் அதை விரித்துவிட அனுமதிப்பீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.